செயற்கைக்கோள் தொடர்பில் சிக்கனமும் புதிய நுட்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கைக்கோள் வழித் தொடர்பைப் பற்றி மாணவர்களிடமும், இத்துறைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களிடமும், இணைப்பு வாங்கலாமா என்று யோசிப்பவர்களிடமும் பேசும்போது அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பதால், முதலிலிருந்து படிப்பது நல்லது.

செயற்கைக்கோள் தொடர்பில் செயல்திறன் என்று எதைச் சொல்கிறார்கள்? வேகத்தையா, விலையையா?

இரண்டுமே விளைவுகள். அளக்க வேண்டியவை வேறு. விண்ணில் இருக்கும் ஒரு நிலையத்துக்கு மூன்று பொருள்கள் எப்போதும் பற்றாக்குறைதான்: பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட அலைக்கற்றை, சூரியத் தகடுகள் தரும் மின்திறன், ஏவும்போது சுமக்கக்கூடிய எடை. ஒரு ஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் எத்தனை பிட் செல்கிறது, ஒரு வாட்டுக்கு எத்தனை பிட் கிடைக்கிறது, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு கொள்ளளவு என்று கேட்டால்தான் ஒரு நுட்பம் உண்மையில் எதைச் சேமிக்கிறது என்பது தெரியும்.

ஒன்றைச் சேமிக்கும் நுட்பம் பெரும்பாலும் இன்னொன்றைச் செலவழிக்கும். எனவே "திறன்மிக்கது" என்ற சொல்லைக் கேட்டவுடன் "எதைக் கணக்கில் வைத்து?" என்று கேட்டுவிடுவது நல்லது. கீழே வரும் பதில்கள் அனைத்திலும் இந்தக் கேள்வி மறைந்து நிற்கிறது.

ஏன் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்? கொஞ்சம் கீழேயே வைத்திருக்கலாமே?

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே தரையிலிருந்து பார்க்க அது வானில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் எழுதிய கட்டுரை, இத்தகைய மூன்று நிலையங்களைக் கொண்டே ஏறக்குறைய உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என்று காட்டியது. 1964-இல் ஏவப்பட்ட சின்காம் 3 அந்தச் சுற்றுப்பாதையில் முதன்முதலாக நின்றது. தரையில் ஆண்டெனாவை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும் என்பது மிகப் பெரிய வசதி.

அதற்கான விலை தொலைவு. சமிக்ஞை மேலே சென்று கீழே வர மட்டும் சுமார் 0.24 வினாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வருவதற்கு அதைப்போல் இருமடங்கு. கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் நடைமுறையில் 0.6 வினாடியை ஒட்டி வரும். தொலைவின் இருமடிக்கு ஏற்பச் சமிக்ஞை மெலிவதால், 550 கிலோமீட்டர் உயரத்தில் நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டால் இங்கே பரவல் இழப்பு நாலாயிரம் மடங்குக்கும் மேல்.

அப்படியானால் எல்லாவற்றையும் தாழ்வான சுற்றுப்பாதையிலேயே வைத்துவிடலாமே?

தாழ்வட்டப் பாதையில் இழப்பும் தாமதமும் பெரிதும் குறைகின்றன. 550 கிலோமீட்டர் ஏறி இறங்க 4 மில்லிவினாடிகூட ஆகாது. தரைநிலையம், காத்திருப்பு வரிசை எல்லாம் சேர்ந்து பயனர் உணரும் தாமதம் சில பத்து மில்லிவினாடிகளாக இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 95 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. ஓரிடத்தின் வானில் சில நிமிடங்களே தங்குகிறது. பார்க்கக்கூடிய நிலப்பரப்பும் சிறியது. எனவே ஒன்று மறையும் முன் இன்னொன்று வந்துவிடும்படி நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரக்கணக்கில் ஏவ வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் ஆளில்லாத கடலின் மேல் பறந்துகொண்டிருக்கும்.

செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவையான இரிடியம் 66 செயற்கைக்கோள்களை 780 கிலோமீட்டர் உயரத்தில் வைத்து 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கியது. 1999 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பைக் கோரியது. நுட்பம் அன்றும் வேலை செய்தது, இன்றும் அதன் வாரிசுகள் வேலை செய்கின்றன. செலவைத் தாங்கும் அளவுக்குப் பயனர்கள் சேரவில்லை. ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் கொண்ட இன்றைய பெருந்தொகுதிகளுக்கு வழிவிட்டவை, மீண்டும் பயன்படும் ஏவுகலங்களும் தொழிற்சாலை வரிசையில் செயற்கைக்கோள்களைத் தயாரிக்கும் முறையும். தொலைக்காட்சி ஒளிபரப்பு போல ஒரே செய்தியைக் கோடிப் பேருக்கு அனுப்ப வேண்டிய வேலைக்கு உயரத்தில் நிற்கும் ஒற்றைச் செயற்கைக்கோளே இன்றும் சிக்கனமானது என்பது என் கருத்து.

சிக்னல் பலவீனமாக இருந்தால் செயற்கைக்கோளின் பவரைக் கூட்டினால் போதாதா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. 1948-இல் கிளாட் ஷானன் நிறுவிய தேற்றம் இதற்கு நேரடியான பதிலைத் தருகிறது. சமிக்ஞை இரைச்சலைப்போல் 10 மடங்கு வலுவாக இருக்கும் வழித்தடத்தில், ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு வினாடியில் அனுப்பக்கூடிய உச்ச அளவு சுமார் 3.46 பிட். மின்திறனை இருமடங்காக்கினால் அது 4.39 ஆகிறது. செலவு இருமடங்கு; வரவு 27 விழுக்காடு. மீண்டும் இருமடங்காக்கினால் பலன் இன்னும் சிறுக்கும். சமிக்ஞை இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும் நிலையில் மட்டுமே, மின்திறனைக் கூட்டும் அதே விகிதத்தில் வேகமும் ஏறக்குறையக் கூடும்.

இன்னொரு தடையும் உண்டு. செயற்கைக்கோளின் மின்திறன் பெருக்கி அதன் உச்ச வெளியீட்டை நெருங்கும்போது சமிக்ஞையின் வடிவத்தைச் சிதைக்கிறது. சிதையாமல் இருக்கச் சற்றுக் குறைவாக இயக்கினால் பெருக்கியின் திறன் வீணாகிறது. வீணான மின்சாரம் வெப்பமாகிறது. காற்றில்லாத வெளியில் அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். பிட்களை அலையின் வடிவத்தில் ஏற்றுவதைப் பண்பேற்றம் என்கிறோம். அனுப்பக்கூடிய ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு புள்ளியாக வரைந்தால், மையத்திலிருந்து அதன் தூரமே அலையின் வீச்சு. வீச்சுகளின் வகை குறைந்தால் சிதைவும் குறையும். இதனால்தான் செயற்கைக்கோள்களுக்கெனப் புள்ளிகளை வட்டங்களில் அடுக்கும் பண்பேற்ற முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. 16 புள்ளிகளைச் சதுரக் கட்டமாக வைத்தால் மூன்று வெவ்வேறு வீச்சுகள் வரும். உள்வட்டத்தில் 4, வெளிவட்டத்தில் 12 என்று வைத்தால் இரண்டுதான். பெருக்கி உண்டாக்கும் சிதைவை முன்கூட்டியே கணித்து, அதற்கு எதிரான சிதைவைச் சமிக்ஞையில் சேர்த்து அனுப்பும் முறையும் இப்போது பரவலாகியிருக்கிறது.

பிழைதிருத்தக் குறியீடு என்றால் கூடுதல் பிட்களை அனுப்புவதுதானே? அது எப்படிச் சிக்கனமாகும்?

கூடுதல் பிட்களுக்கு அலைக்கற்றை செலவாகிறது என்பது உண்மை. ஆனால் அவை இருப்பதால் மிக மெலிந்த சமிக்ஞையையும் பிழையில்லாமல் படிக்க முடிகிறது; அதாவது சிறிய ஆண்டெனா, குறைந்த மின்திறன் போதும். கூட்டிக் கழித்தால் வரவே அதிகம்.

இங்கே நடந்த முன்னேற்றம் இந்தத் துறையின் மிக அழகான பகுதி என்று நினைக்கிறேன். ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் ஒரு குறியீட்டுக் குடும்பத்தை முன்வைத்தார். அன்றைய கணினிகளால் அதைக் குறிவிலக்க முடியாததால் அது முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. பிரான்சில் உருவான டர்போ குறியீடுகள் 1993-இல் அறிவிக்கப்பட்டு, ஷானன் எல்லையை (அவருடைய தேற்றம் சொன்ன உச்ச அளவை) நடைமுறையில் நெருங்க முடியும் என்று தெரிந்த பிறகு, கேலகரின் குறியீடுகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு 2005-இல் ஐரோப்பியத் தரநிலையாக வெளிவந்த டிவிபி-எஸ்2 அவற்றை ஏற்றுக்கொண்டது. அதன் முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால், அதே அலைக்கற்றையிலும் அதே மின்திறனிலும் சுமார் 30 விழுக்காடு கூடுதல் தகவல் சென்றது. விண்ணில் இருந்த செயற்கைக்கோளில் எதையும் மாற்றாமல், தரையில் உள்ள மோடத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த பலன் அது.

மழை பெய்தால் இணைப்பு ஏன் திணறுகிறது? இதற்குத் தீர்வே இல்லையா?

அலைநீளம் மழைத்துளியின் அளவை நெருங்க நெருங்க, துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. 4 கிகாஹெர்ட்ஸில் பொருட்படுத்தத் தேவையில்லாத மழை, 20 அல்லது 30 கிகாஹெர்ட்ஸில் சமிக்ஞையை நூறில் ஒரு பங்காகக்கூடக் குறைத்துவிடும். முன்பெல்லாம் மிக மோசமான மழையை எண்ணி அமைப்பை வடிவமைத்துவிட்டு, தெளிந்த வானிலும் அதே மெதுவான வேகத்தில் இயக்குவார்கள். ஆண்டின் பெரும்பகுதி நேரம் கொள்ளளவு வீணாகிக்கொண்டிருந்தது.

இப்போது ஒவ்வொரு முனையத்தின் (பயனரிடம் உள்ள கருவியின்) சமிக்ஞைத் தரத்தையும் இடைவிடாமல் அளந்து, பண்பேற்றத்தையும் குறியீட்டையும் அந்தந்தக் கணத்துக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். டிவிபி-எஸ்2 தரநிலையின் மிக உறுதியான அமைப்பு, சமிக்ஞை இரைச்சலைவிடத் தாழ்ந்து மைனஸ் 2.35 டெசிபெல்லில் (மடங்கைச் சொல்லும் அலகு; 10 டெசிபெல் என்றால் 10 மடங்கு) இருந்தாலும் வேலை செய்யும். ஒரு குறியத்துக்கு, அதாவது ஒருமுறை அனுப்பும் அலைவடிவத்துக்கு, 0.49 பிட்தான் செல்லும். மிக வேகமான அமைப்புக்கு 16 டெசிபெல் தேவை, 4.45 பிட் செல்லும். மழைமேகம் கடந்து போகும் சில நிமிடங்களில் ஒரு முனையம் இந்தப் படிகளில் இறங்கி ஏறிவிடும். படத்தின் தரம் சற்றுக் குறையும், இணைப்பு அறுந்துபோகாது. மிகக் கனத்த மழையில் கடைசிப் படியும் போதாமல் போவதுண்டு. தரைநிலையங்களைப் பொறுத்தவரை, ஒன்றுக்கொன்று பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி அமைத்து, மழை பெய்யும் இடத்திலிருந்து பெய்யாத இடத்துக்கு வேலையை மாற்றிவிடுகிறார்கள்.

ஒரே அலைவரிசையைப் பல முறை பயன்படுத்தலாம் என்கிறார்களே, எப்படி?

ஒரு கண்டம் முழுவதையும் ஒரே பரந்த பீமால் (ஆண்டெனா ஒரு பகுதியை நோக்கி அனுப்பும் அலைக்கதிரால்) மூடுவதற்குப் பதிலாக, சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பல சிறு பீம்களாகப் பிரிக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து பீம்கள் ஒன்றையொன்று குலைக்காமலிருக்க, அலைக்கற்றையை இரண்டு பாதிகளாகவும், ஒவ்வொரு பாதியையும் இரண்டு முனைவாக்கங்களாகவும் (அலை அதிரும் விதங்களாகவும்) பிரித்து நான்கு "நிறங்கள்" ஆக்குவது வழக்கம். ஒரே நிறம் ஒட்டிய பீம்களில் வராதபடி அடுக்கினால், தள்ளியிருக்கும் பீம்களில் அதே அலைக்கற்றை மீண்டும் பயன்படும். பீம் குறுகியதாக இருப்பதால் ஆற்றலும் ஓரிடத்தில் குவிகிறது.

2010 டிசம்பரில் ஏவப்பட்ட கேஏ-சாட் 82 பீம்களைக் கொண்டு சுமார் 70 கிகாபிட் கொள்ளளவை எட்டியது. அதற்கு அடுத்த ஆண்டில் ஏவப்பட்ட வயாசாட்-1 சுமார் 140 கிகாபிட்டை எட்டியது. பரந்த பீம் கொண்ட முந்தைய செயற்கைக்கோள்களால் சில கிகாபிட்தான் தர முடிந்தது. கொள்ளளவு கூடியது ஒரே அலைக்கற்றையை இருபது முறை பயன்படுத்தியதால்தான். அந்த அளவுக்கு மின்திறன் கூடவில்லை.

ஓரிடத்தில் நெரிசல், இன்னோரிடத்தில் ஆளே இல்லை. பீம்களைச் சமமாகப் பிரித்தால் வீணாகாதா?

வீணாகிறது. அதனால்தான் பீம் தாவல் என்ற முறை வந்தது. எல்லா பீம்களையும் ஒரே நேரத்தில் எரியவிடாமல், மில்லிவினாடிக் கணக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, தேவை மிகுந்த இடத்தில் கூடுதல் நேரம் தங்குகிறார்கள். 2014-இல் வந்த டிவிபி-எஸ்2எக்ஸ் தரநிலை இதற்கு ஏற்றபடி தரவைத் துண்டுகளாக அடுக்கும் சட்டக அமைப்பைச் சேர்த்தது. 2021 ஜூலையில் ஏவப்பட்ட யூடெல்சாட் குவாண்டம், பீம்களின் வடிவம், திசை, மின்திறன், அலைவரிசை ஆகியவற்றைச் சுற்றுப்பாதையிலேயே மென்பொருள் வழி மாற்றக்கூடியது. பதினைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஒரு கருவிக்கு, சந்தை எப்படி மாறும் என்று ஏவும் முன்பே கணித்துவிட வேண்டிய கட்டாயம் இதனால் தளர்கிறது.

தட்டையான ஆண்டெனா அசையாமலே செயற்கைக்கோளை எப்படிப் பின்தொடர்கிறது?

தட்டின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள் அரை அலைநீள இடைவெளியில் பதிக்கப்பட்டிருக்கின்றன. 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 சென்டிமீட்டர், எனவே இடைவெளி 1.25 சென்டிமீட்டர். செயற்கைக்கோள் நேர் மேலிருந்து 30 பாகை சாய்ந்து இருப்பதாகக் கொள்வோம். அதன் அலை ஓர் உறுப்பை அடைந்தபின், அடுத்த உறுப்பை அடைய இன்னும் 0.625 சென்டிமீட்டர் பயணிக்க வேண்டும். அது அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 90 பாகைக் கட்ட வேறுபாடு (ஒரு முழு அலை 360 பாகை; அலை அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கட்டம்). ஒவ்வோர் உறுப்பிலும் 90 பாகை கூட்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் சேர்த்தால், அந்தத் திசையிலிருந்து வரும் சமிக்ஞை மட்டும் வலுத்து நிற்கும். கட்டத்தை மாற்றினால் திசை மாறும். இதற்கு மைக்ரோவினாடிகள் போதும், மோட்டார் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. பீம் சாயச் சாய, தட்டின் பயனுள்ள பரப்பு சுருங்குகிறது. 60 பாகை சாய்வில் பாதிதான் மிஞ்சும். உறுப்புதோறும் மின்னணுச் சுற்று வேண்டியிருப்பதால் மின்செலவும் விலையும் கூடும். தாழ்வட்டப் பாதைத் தொகுதிகள் பரவலாவதைத் தீர்மானிப்பது இந்தத் தட்டின் விலைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நூறு மெகாபிட் இணைப்பு இருந்தும் ஒரு கோப்பு மட்டும் ஆமைவேகத்தில் இறங்குகிறதே, ஏன்?

உயரச் செயற்கைக்கோளின் தாமதமே காரணம். இணையத்தில் தரவு போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறை, குறிப்பிட்ட அளவு தரவை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற ஒப்புகை வரும்வரை காத்திருக்கும். அதன் பழைய வடிவத்தில் அந்த அளவு 65,535 பைட். 0.6 வினாடிக்கு ஒருமுறை அவ்வளவுதான் போக முடியும் என்றால், வேகம் வினாடிக்கு 0.9 மெகாபிட்டைத் தாண்டாது. நூறு மெகாபிட் குழாயை நிரப்ப எந்தக் கணத்திலும் 7.5 மெகாபைட் தரவு பயணத்தில் இருக்க வேண்டும். 1992-லேயே அந்த அளவைப் பெரிதாக்கும் வழி வந்துவிட்டது. ஆனாலும் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டும் பழக்கமும், ஒரு பொட்டலம் (தரவுத் துண்டு) தொலைந்தால் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைக்கும் பழக்கமும் தொடர்ந்தன.

இதற்காகத் தரைநிலையத்திலும் பயனர் மோடத்திலும் இடைநிலைக் கருவிகள் வைக்கப்பட்டன. அவை இணைப்பை இடையில் பிரித்து, செயற்கைக்கோளுக்கு முன்பாகவே ஒப்புகையைத் தந்துவிடும். இங்கேதான் சிக்கல்: டிசிபிக்குப் பதிலாகப் பயன்படும், 2021-இல் தரநிலையான க்விக் நெறிமுறை, ஒப்புகைகளையும் மறைகுறியாக்கிவிடுவதால் இடையில் யாரும் தலையிட முடியாது. தனியுரிமைக்கு அது நல்லது. செயற்கைக்கோளுக்குப் பழைய தந்திரம் போய்விட்டது. இனி வேகக் கட்டுப்பாட்டை முனைகளிலேயே நீண்ட தாமதத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருக்கிறது.

ரேடியோவை விட்டுவிட்டு லேசருக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

லேசரின் வலிமை அதன் கூர்மை. 12 கிகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் ஆண்டெனா அனுப்பும் கற்றை 40,000 கிலோமீட்டர் தொலைவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கும். 15 மைக்ரோரேடியன் விரிவுள்ள லேசர் கற்றை அதே தொலைவில் 600 மீட்டரே விரியும். ஆற்றல் சிதறாததால் சில வாட்டிலேயே பெருமளவு தரவு செல்லும். அலைக்கற்றை உரிமமும் தேவைப்படுவதில்லை. 2001-இல் ஆர்ட்டெமிஸ், ஸ்பாட் 4 செயற்கைக்கோள்களுக்கு இடையே 50 மெகாபிட் வேகம் எட்டப்பட்டது. 2016-இல் ஏவப்பட்ட ஐரோப்பியத் தரவு அஞ்சல் அமைப்பின் முதல் முனை 1.8 கிகாபிட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடிக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து 267 மெகாபிட் வேகத்தில் காணொலியை அனுப்பியது.

அந்தக் கூர்மையே இடரும் ஆகிறது. இரு முனைகளும் பல கிலோமீட்டர் வினாடி வேகத்தில் நகரும்போது, குறி சற்றுப் பிசகினால் இணைப்பு இல்லை. தரைக்கு வரும்போது மேகம் லேசரை முற்றிலும் மறைத்துவிடும். மழைக்குச் சொன்னதுபோல் படியிறங்கிச் சமாளிக்க இதில் வழியில்லை. எனவே செயற்கைக்கோள்களுக்கு இடையே லேசரும் தரைக்கு ரேடியோவும் என்ற பிரிவினைதான் இன்று நிலைபெற்று வருகிறது.

அப்படியென்றால் விண்வெளி லேசர் கடலடிக் கேபிளைவிட வேகமா?

தாமதத்தில் முந்த முடியும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்கிறது. வெற்றிடத்தில் 3 லட்சம். 10,000 கிலோமீட்டருக்கு இழையில் 50 மில்லிவினாடி ஆகும். விண்வழியே ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்த்து 40-க்குள் முடிக்கலாம். கொள்ளளவில் ஒப்பீடே கிடையாது: 2017-இல் அட்லாண்டிக் கடலில் இடப்பட்ட மரேயா கேபிள் ஒன்றே 160 டெராபிட்டுக்கு வடிவமைக்கப்பட்டது.

செயற்கைக்கோள் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பினால் போதுமா, இல்லை சிக்னலைப் படித்துவிட்டு அனுப்ப வேண்டுமா?

திருப்பி மட்டும் அனுப்பினால், மேலேறும்போது சேர்ந்த இரைச்சலும் பெருக்கப்பட்டுக் கீழே வருகிறது. இரு வழிகளிலும் 10 டெசிபெல் தரம் இருந்தால் முடிவில் மிஞ்சுவது 7 டெசிபெல், அதாவது பாதி. விண்ணிலேயே குறிவிலக்கிப் புதிதாக அனுப்பினால் இந்த இழப்பு இல்லை. பொட்டலத்தைப் பார்த்து அடுத்த செயற்கைக்கோளுக்கு வழிகாட்டவும் முடியும்.

ஆனால் பிழைதிருத்தம் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அங்கே மோடத்தை மாற்றியே பலன் பெற முடிந்தது, செயற்கைக்கோள் எதையும் படிக்காமல் திருப்பி அனுப்பியதால்தான். குறிவிலக்கும் கருவியை விண்ணில் வைத்துவிட்டால், அடுத்த தரநிலை வரும்போது அது பழசாகிவிடும். ஐந்து ஆண்டுகளில் மாற்றப்படும் தாழ்வட்டச் செயற்கைக்கோளுக்கு இது பெரிய இடர் இல்லை; பதினைந்து ஆண்டுகள் நிற்பதற்கு, மென்பொருளால் மாற்றக்கூடிய கருவியே பாதுகாப்பானது.

சாதாரணக் கைபேசி எப்படி நேரடியாகச் செயற்கைக்கோளுடன் பேசுகிறது?

கைபேசியின் வெளியீடு சுமார் 0.2 வாட். அதன் ஆண்டெனாவால் எந்தத் திசையிலும் குவிக்க முடியாது. எனவே சுமை முழுவதும் விண்ணுக்குப் போகிறது: 2022 செப்டம்பரில் ஏவப்பட்ட புளூவாக்கர் 3, மாற்றம் எதுவும் செய்யப்படாத கைபேசிகளோடு பேச 64 சதுர மீட்டர் பரப்புள்ள ஆண்டெனாவை விரித்தது.

அதைவிட நுட்பமான சிக்கல் டாப்ளர் விளைவு. வினாடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் செயற்கைக்கோளால், 2 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 45 கிலோஹெர்ட்ஸ்வரை நகரக்கூடும். கைபேசிச் சமிக்ஞையின் துணையலைகளுக்கு இடையிலான தூரமோ 15 கிலோஹெர்ட்ஸ்தான். கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2022-இல் முடிவாக்கிய 17-ஆம் வெளியீடு, கைபேசியே தன் இருப்பிடத்தையும் செயற்கைக்கோளின் பாதையையும் கொண்டு இந்த நகர்வைக் கணித்து முன்கூட்டியே திருத்தும்படி வகுத்தது. பழைய கைபேசிகளுக்கு அந்தத் திருத்தத்தைச் செயற்கைக்கோள் தரப்பே செய்ய வேண்டும்.

ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒன்றையொன்று குலைக்காதா?

குலைக்கும். அதனால்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள், நகரும் தொகுதிகள் எல்லாம் சேர்ந்து புவிநிலைச் செயற்கைக்கோளின் (35,786 கிலோமீட்டரில் அசையாமல் நிற்பதன்) பயனர்மேல் விழவிடக்கூடிய ஆற்றலுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. நடைமுறையில், தாழ்வட்டச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டு வளையத்தின் நேர்க்கோட்டுக்குள் வரும் தருணத்தில் அந்த பீமை அணைத்துவிட்டு, வேறு திசையில் இருக்கும் இன்னொன்றிடம் பயனரை ஒப்படைக்கிறார்கள்.

ஷானன் எல்லையையே நெருங்கிவிட்டோம் என்றால், இனி மேம்படுத்த என்ன மிச்சம்?

அந்த எல்லை ஒரு வழித்தடத்துக்கு உரியது. எத்தனை வழித்தடங்களை உண்டாக்கலாம் என்பதற்கு அது தடையில்லை. நான்கு நிறப் பங்கீட்டைக் கைவிட்டு, எல்லா பீம்களிலும் முழு அலைக்கற்றையையும் பயன்படுத்தினால் பக்கத்து பீம்கள் மோதிக்கொள்ளும். அந்த மோதலைத் தரைநிலையத்திலேயே கணித்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி சமிக்ஞைகளைக் கலந்து அனுப்பும் முன்குறியாக்க முறையில் ஆய்வு தீவிரமாக நடக்கிறது. தரைநிலைய இணைப்பை 40, 50 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு ஏற்றிவிட்டு, கீழ்ப்பட்டைகளைப் பயனர்களுக்கு விடுவிப்பது இன்னொரு வழி.

முன்குறியாக்கத்துக்கு ஒவ்வொரு பயனரின் வழித்தடமும் அந்தக் கணத்தில் எப்படி இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். உயரச் செயற்கைக்கோளில் அளவீடு தரைநிலையத்துக்கு வந்து, அதன்படி திருத்திய சமிக்ஞை பயனரை அடைவதற்குள் அரை வினாடி கழிந்துவிடுகிறது. செயற்கைக்கோளின் அலையியற்றிகளில் (அலையை உண்டாக்கும் சுற்றுகளில்) ஏற்படும் கட்ட நகர்வு அதற்குள் கணக்கைப் பொய்யாக்கிவிடக்கூடும். தாழ்வட்டத்தில் தாமதம் குறைவு என்றாலும், வழித்தடம் அதைவிட வேகமாக மாறுகிறது. பழைய அளவீட்டிலிருந்து இந்தக் கணத்தின் நிலையை எவ்வளவு நம்பகமாக ஊகிக்க முடியும் என்பதில்தான் இந்த முறை எந்த அளவு பயன்படும் என்பது அடங்கியிருக்கிறது.